பாடப் பழகுதலும் மேடை ஏறுதலும்

தலைமையாசிரியர்

ஒவ்வோர் ஆண்டும் நம் பள்ளியின் பரிசளிப்பு விழா நெருங்கும் காலத்தில், என் அறைக்கு வரும் பெற்றோருள் ஒருவரேனும் இந்த வேண்டுகோளைக் கொண்டு வருவர்: "ஐயா, எம் பிள்ளை நல்லா பாடுது. மேடையில ஒரு வாய்ப்பு குடுங்க." இவ்வேண்டுகோளில் தவறொன்றுமில்லை. தம் பிள்ளையின் திறமையைப் பிறர் அறிய வேண்டுமென்று விரும்பாத பெற்றோர் யார்? ஆயினும், "பிள்ளை யாரிடம் கற்கிறது? நாள்தோறும் எவ்வளவு நேரம் பாடிப் பழகுகிறது?" என்று நான் திரும்பக் கேட்டால், பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கிறது. அன்றேல், "போனைப் பார்த்து அதுவே பாடிக்கும் ஐயா" என்ற விடை கிடைக்கிறது.

பாட விரும்பும் பிள்ளைக்கு முதலில் பழக வேண்டியது செவி. அதன் பின்னரே தொண்டை. மேடையோ அதற்கும் பின்னர் என்பது என் கருத்து. இதைக் கூறும் தகுதி எனக்கு இசைப் புலமையால் வந்ததன்று. நன்றாகப் பாடிய ஒரு பிள்ளையின் பாட்டை நானே ஒருமுறை கெடுத்தேன். அந்த அனுபவம் தந்த தகுதி இது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஒரு பால்மரத் தோட்டத்தில். அக்காலத்தில் மார்கழி மாதம் முழுவதும் விடியற்காலையில் எங்கள் லயங்களைச் சுற்றிப் பஜனை வரும். பெரட்டுக்குப் புறப்படுவோர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டே வாசலில் நின்று கேட்பர். பஜனைக்கு ஆர்மோனியம் வாசித்தவர் தோட்ட அலுவலகத்தில் பணிபுரிந்த ஒரு கிராணியார். பத்து வயதுச் சிறுவனாகிய நான், எனக்கும் பாட ஆசை என்று அவரிடம் போய் நின்றேன். அவர் என்னைப் பாடச் சொல்லவில்லை. "பக்கத்துல உக்காந்து கேளு, வாயை மூடிக்கிட்டு இந்தச் சத்தத்தோட உன் சத்தத்தை ஒட்ட வை" என்று சொல்லி, ஆர்மோனியத்தின் ஒரே கட்டையை அழுத்திக்கொண்டிருந்தார். மறுநாளும் அதுதான்; அதற்கு மறுநாளும் அதுதான். என் தோழர்கள் உரக்கப் பாடிச் சுண்டலை வாங்கிக்கொண்டு ஓட, நான் மட்டும் வாய்மூடி முனகிக்கொண்டிருந்தேன். எனக்கு அவர்மீது கடுங்கோபம். மாதக் கடைசியில் ஒருநாள் ஒரே ஓர் அடியைப் பாடச் சொன்னார். பாதியில் நானே நிறுத்திவிட்டேன். "ஏன் நிறுத்தினே?" என்றார். "விலகிருச்சு" என்றேன். அவர் சிரித்தார். தான் விலகியதைத் தானே அறிவதுதான் இசைக் கல்வியின் முதற்படி என்பதை, பின்னாளில் பல நூல்களைப் படித்த பின்னும், இதைவிடத் தெளிவாக எவரும் எனக்கு விளக்கியதில்லை.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பயின்றோர் அறிவர். மாதவி தன் ஐந்தாம் வயதில் பயிலத் தொடங்கி, ஏழாண்டுகள் கற்று, பன்னிரண்டாம் வயதிலேதான் அரசன் முன் அரங்கேறினாள். அவளுக்கு ஓர் ஆசிரியர் அல்லர். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் எனப் பலர் இருந்தனர். பெருவிரல் அளவால் இருபத்து நான்கு கொண்ட ஒரு கோலால் அளந்து, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமுமாக அவளுக்கு அரங்கம் அமைத்தனர் என்பதையும் இளங்கோவடிகள் விடாமல் கூறுகின்றார். (மேடைக்குத் தச்சரை அமர்த்தும்போது நம் விழாக் குழுவினர் இப்பகுதியைப் படித்துப் பார்க்கலாம்.) கருவிகள் ஒலித்த முறையைச் சொல்லுமிடத்து, குழலை யாழ் பின்பற்றியது, யாழைத் தண்ணுமை பின்பற்றியது என்கிறார். ஒன்றை ஒன்று கேட்டு நடந்தன என்பதே இதன் பொருள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெற்ற அரங்கேற்றத்திற்கும் அடிப்படை, பிறிதோர் ஒலியைக் கேட்டு அதன் வழி நிற்றலே.

இன்று நாம் பின்பற்றும் கருநாடக இசைப் பாடமுறையும் இவ்வாறே அமைந்தது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசர் வகுத்ததாகக் கொள்ளப்படும் முறை அது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் எனப் படிப்படியாக உயர்வது. தொடக்கப் பாடங்களை மாயாமாளவகௌளை இராகத்தில் அமைத்தமைக்கு ஒரு நல்ல காரணம் உண்டு. அந்த இராகத்தில் ச ரி க ம என்னும் முற்பாதியில் சுரங்களுக்கு இடையே உள்ள தொலைவுகளே, ப த நி ச என்னும் பிற்பாதியிலும் வருகின்றன. கீழ்ப்பாதியில் செவி பழகியதை மேற்பாதியில் அப்படியே திரும்பச் செய்யலாம். குழந்தைக்குப் பாடம் சொல்ல இதைவிட எளிய ஏணி ஏது? ஒரே வரிசையை முதலில் மெல்லவும், பின் இருமடங்கு விரைவிலும், பின் நான்மடங்கு விரைவிலுமாக மூன்று காலங்களில் பாடும்போது, தாளமும் உடன் படிகின்றது. சிலர் எண்ணுவதுபோல் இது பயனற்ற மனப்பாடமன்று. வாய்பாடு அறியாமல் கணக்குப் போட முடியாததுபோல், இவ்வரிசைகள் இன்றிச் சுரத்தானம் கைகூடாது.

இனி எங்கள் பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாரந்தோறும் சபைக்கூடலில் நாட்டுப்பண்ணும் மாநிலப் பண்ணும் பள்ளிப் பண்ணும் பாடுகிறோம். வாய்க்கு வாய் ஒரு சுருதி. ஆசிரியர்களாகிய நாங்களோ, "சத்தமாகப் பாடுங்கள்! காலையில் சாப்பிடவில்லையா?" என்று அதட்டுகிறோம். சத்தம் வேறு, சுருதி வேறு என்பதை நாங்களே மறந்துவிட்டோம். 1990-களின் தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கற்பிக்கப்பட்ட கருவி ரெக்கார்டர் குழல். அக்குழல் நெடுங்காலம் என் மேசை இழுப்பறையில் உறங்கிக் கிடந்தது. இவ்வாண்டு தொடங்கி, பாடுமுன் ஓர் ஆசிரியர் அதில் தொடக்க சுரத்தை ஊதிக் காட்டுகிறார். பிள்ளைகள் அதை வாய்மூடி முனகிய பின்னரே பாடத் தொடங்குகின்றனர். அரை நிமிடத்திற்கு மேல் ஆவதில்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளே இதில் முந்திக்கொண்டனர் என்பதையும், பின்வரிசையில் நிற்கும் ஆசிரியர் சிலர் இன்னும் பிந்தியே உள்ளனர் என்பதையும் மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்போது அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். 1996-ஆம் ஆண்டு. அப்போது நான் வேறொரு தோட்டப்பள்ளியில் இளம் ஆசிரியன். ஆறாம் ஆண்டில் ஒரு மாணவன் இருந்தான். அவன் வகுப்பறையைக் கூட்டிக்கொண்டே பாடினால் அடுத்த வகுப்பு ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்பார். அப்படிப்பட்ட குரல். மாவட்ட அளவிலான பாட்டுப் போட்டிக்கு அவனை அனுப்பத் தீர்மானித்தேன். நடுவர்களை வியக்க வைக்க வேண்டுமென்று, டி.எம். சௌந்தரராஜன் உச்சத்தில் பாடிய ஒரு பாடலைத் தேர்ந்தேன். ஒலிநாடாவைப் போட்டு, இரண்டு வாரம் காலையும் மாலையும் பாட வைத்தேன். "ஐயா, மேல போகும்போது தொண்டை வலிக்குது" என்று அவன் இருமுறை சொன்னான். பனங்கற்கண்டு கொடுத்தேன்.

பன்னிரண்டு வயது முடியும் தறுவாயில் இருந்த சிறுவன் அவன். ஆண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ அவ்வயது தொடங்கி மகரக்கட்டு உடையும். குரல்வளை வளர்ந்து, குரல்நாண்கள் நீண்டு தடிக்கும். சில மாதங்களில் குரல் ஏறக்குறைய ஒரு தாயி அளவு கீழிறங்கும். அந்த இடைக்காலத்தில் குரல் எப்போது எங்கே பிளக்கும் என்று எவராலும் சொல்ல இயலாது. இது நோயன்று, இயற்கை. அக்காலத்தில் இதமான கீழ்ச் சுரங்களில் மென்மையாகப் பாடலாமேயன்றி உச்சத்திற்கு முயலலாகாது. இவையெல்லாம் அன்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள முயலவுமில்லை. மேடையில் இரண்டாவது சரணத்தில் அவன் குரல் பிளந்தது. மண்டபத்திலிருந்த பிள்ளைகள் சிரித்தனர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் குனிந்ததை அவன் மேடையிலிருந்து பார்த்துவிட்டான்.

அதன் பிறகு அவன் பாடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் திருவிழாவில் அவரைச் சந்தித்தேன். செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரியை ஓட்டுகிறார். முகமலர்ச்சியோடு என்னை வணங்கினார். இப்போது பாடுவதுண்டா என்று கேட்டேன். "பிள்ளையைத் தூங்க வைக்கக்கூட ரேடியோதான் ஐயா போடுவேன்" என்றார்; சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒலிநாடா போய் இன்று கரோக்கே வந்துவிட்டது, தவறு மாறவில்லை. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைச் சுருதியில் பாடுவர். பெண்களுக்கும் சிறுவர்க்கும் நாலரை முதல் ஆறு கட்டை வரை இசைவானது. கரோக்கே இசையோ அந்தத் திரைப்பாடகரின் சுருதியிலேயே பதிவாகியிருக்கும். அதற்கேற்ப ஒன்பது வயதுப் பெண்பிள்ளை பாட முயன்றால், ஒன்று, எட்டாத உயரத்தில் கத்த வேண்டும். அன்றேல், இறங்க முடியாத ஆழத்தில் முனக வேண்டும். இரண்டும் குரலுக்குத் தீங்கு. ஓயாது கத்துவதால் குரல்நாண்களில் தடிப்பு விழுவதுண்டு. பிள்ளையின் குரல் மூன்று வாரத்திற்கு மேல் கரகரத்தே இருந்தால், மிளகும் சித்தரத்தையும் கொடுத்துக் காத்திராமல் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். நாம் விழுங்குவன உணவுக் குழாய் வழியே செல்வன. அவை குரல்நாண்களைத் தொடுவதில்லை. பச்சை முட்டை குடித்தால் குரல் இனிக்கும் என்று நம் தோட்டத்தில் இன்றும் சொல்வோர் உண்டு. முட்டையை அவித்தே கொடுங்கள், சத்தாவது சேரும்.

"இசை படித்தவர்கள்தாமா பாடினார்கள்? எஸ்.பி. பாலசுப்ரமணியம் முறையாகக் கற்கவில்லையே" என்று என்னிடம் வாதிட்ட தந்தையர் உண்டு. உண்மைதான், அவர் பொறியியல் மாணவராயிருந்து, 1966-இல் திரையில் பாடத் தொடங்கியவர். ஆனால் அவருடைய தந்தையார் அரிகதைக் கலைஞர் என்பதை நாம் மறக்கலாகாது. பாட்டு ஒலித்துக்கொண்டேயிருந்த வீட்டில் பிறந்தவருக்குச் செவிப் பயிற்சி தாய்ப்பாலோடு வந்தது. பின்னர் கருநாடக இசையைப் பெரிதும் சார்ந்த 'சங்கராபரணம்' படத்திற்காகத் தேசிய விருதும் பெற்றார். எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-இல் மதுரையில் பிறந்தவர். அவருடைய தாயார் வீணை வாசித்தவர். 1966-இல் ஐக்கிய நாடுகள் அவையில் அவர் பாடியபோது, அவர்க்கு வயது ஐம்பது. டி.எம். சௌந்தரராஜனோ பல்லாண்டுகள் சங்கீதம் பயின்று, கச்சேரிகள் பாடிய பின்னரே திரைக்கு வந்தவர்; 1950-இல் வெளிவந்த 'கிருஷ்ண விஜயம்' படத்தில் அவர் குரல் ஒலித்தபோது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்தக் குரலைத்தான் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் தொண்டையில் இரண்டே வாரத்தில் ஏற்றப் பார்த்தேன்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். ஐந்தாம் ஆண்டு வரை கோயிலிலும் பள்ளியிலும் இனிமையாகப் பாடிய பிள்ளைகள் சிலர், ஆறாம் ஆண்டில் திடீரென்று வாய் மூடிவிடுகின்றனர். கேட்டால், "பெரிய பிள்ளையாயிட்டா ஐயா, மேடையேறிப் பாடுனா நாலு பேர் பேசுவாங்க" என்று வீட்டார் கூறுகின்றனர். 1908-இல் கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள், சிறுமியாகவே நாடக மேடையேறி, பாட்டால் புகழ்பெற்று, 1958-இல் சென்னைச் சட்ட மேலவைக்கு உறுப்பினராகச் சென்றார். அவர் காலத்திலும் நாலு பேர் பேசத்தான் செய்தனர். அந்த நாலு பேரின் பெயர் இன்று எவருக்கும் நினைவில்லை.

இன்னொரு குறையும் என்னை வருத்துகிறது. பிள்ளைகள் பலர் தமிழ்ப் பாடல்களை ரூமி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகின்றனர். அவ்வெழுத்தில் பள்ளிக்கும் பல்லிக்கும் வேறுபாடில்லை. மழையும் மலையும் ஒன்றே. தமிழ்ப்பள்ளியில் பயிலும் பிள்ளைக்கு இது தேவைதானா? பாடலைத் தமிழில் எழுதச் செய்யுங்கள். முதலில் இசையின்றிச் சொற்களை உரக்கப் படிக்கச் செய்து, பொருளைக் கேளுங்கள். எங்கே மூச்செடுப்பது என்பதைப் பொருளே காட்டிக்கொடுக்கும். சொல்லை நடுவே முறித்து மூச்செடுக்கும் பிள்ளை, பொருளறியாமல் பாடுகிறது என்று துணிந்து கூறலாம்.

அங்ஙனமாயின் பிள்ளை மேடையே ஏறக் கூடாதா? ஏற வேண்டும். அச்சம் தெளிய வேறு வழியில்லை. ஆனால் முதல் மேடை சிறிதாக இருக்கட்டும். வீட்டுத் திண்ணையில் பாட்டியின் முன் பாடுவதும் மேடையே. மலேசிய இந்து சங்கம் நடத்திவரும் திருமுறை ஓதும் விழா தொடக்கத்திற்கு மிகவும் ஏற்றது; அங்கே பேரிசையின் ஆரவாரம் இல்லை; பிள்ளையின் குரலும் சொல்லும்தாம் கேட்கும். நம் கிறிஸ்தவப் பிள்ளைகள் தேவாலயப் பாடகர் குழுவில் பாடிப் பழகி, பிறர் குரலோடு தம் குரலைச் சேர்க்கும் திறனைப் பெற்று வருவதை வகுப்பிலேயே காண்கிறேன். பாடும் பாடல் பிள்ளையால் எளிதாகப் பாடக்கூடியதாக இருக்கட்டும்; வீட்டில் பத்துமுறை பாடினால் பத்துமுறையும் பிசகாமல் வருவதையே மேடைக்குத் தேர்ந்தெடுங்கள். மேடையில் அச்சத்தால் மூச்சுக் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒலிபெருக்கியை உதட்டில் ஒட்டாமல் சிறிது தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். அடி மறந்துவிட்டால் நின்று விழிக்காமல், சுரத்தை 'ஆ' என்று இழுத்து அடுத்த அடியைப் பிடிக்கட்டும். கேட்போரில் பாதிப் பேருக்கு மறந்ததே தெரியாது. பிசகினால் கீழே நிற்கும் நாம் தலை குனியாமல் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கற்பிக்க ஆள் வேண்டுமே என்பீர்கள். கோலாலம்பூரில் 1981-இல் தொடங்கப்பட்ட டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற நிலையங்கள் நகரத்துப் பிள்ளைகளுக்கு எட்டுவன. செம்பனைக் காட்டின் நடுவே இருக்கும் நம் பிள்ளைக்கு அப்படி ஒன்று எட்டாது. பட்டணத்து வகுப்புக்குக் கட்டணமும் வண்டிச் செலவும் சேர்ந்தால் கூலி வாங்கும் குடும்பத்திற்குத் தாங்காது என்பதை நான் அறிவேன். என் தந்தையாரும் கூலி வாங்கியவரே. ஆனால் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்ட பின்னும், "படிப்பு கெட்டுரும்" என்னும் பழைய காரணத்தை மட்டும் என்னிடம் கூறாதீர்கள்.

ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் இசைவோடு ஒன்று தொடங்கவுள்ளோம். பள்ளி விடுமுறை முடிந்து வரும் முதல் வெள்ளி தொட்டு, வாரந்தோறும் மாலைப் பூசைக்குப் பின் ஏழரை மணிக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பிள்ளைகள் பாடுவர். பரிசில்லை, நடுவர் இல்லை, கரோக்கே இல்லை. தம்புரா ஒலிக்க ஒரே ஒரு கைப்பேசி. மற்றவை பையிலேயே இருக்கட்டும். படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டா. பிசகும் உரிமை பிள்ளைக்கு வேண்டும். தாலாட்டும், பால்மரக் காட்டில் பாடிய பாட்டுகளும் இன்னும் நினைவில் உள்ள பாட்டிமார் சிலரே நம் தோட்டத்தில் எஞ்சியுள்ளனர். அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். அவர்கள் பாட, பிள்ளைகள் கேட்டுக் கற்கட்டும். பட்டணத்தில் இசை கற்பிக்கும் அம்மையார் ஒருவர் மாதம் இருமுறை சனிக்கிழமைகளில் வந்து சரளி வரிசை கற்பிக்க இசைந்துள்ளார். அவரை அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விடுவதற்கு வண்டி வைத்திருப்போர் பள்ளி அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். பள்ளிப் பொருளறையில் கிடக்கும் ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்துள்ளது. அதனைச் செப்பனிடத் தெரிந்தோரும் முன்வர வேண்டுகிறேன்.

முதல் வெள்ளியன்று முதலில் பாடுபவன் நானே. எங்கே விலகினேன் என்பதைப் பிள்ளைகள் எழுந்து சொல்லலாம்.